நான் எழுதிய ஒரு சொல்

மார்ச் 4
மூன்று வாரங்களாக மகள் நீச்சல் குளத்துக்குப் போகவில்லை. கல்லூரி அணியிலிருந்தும் விலகப்போகிறாள். காரணத்தை மனைவி சொன்னாள்: தொடையில் குழி குழியாகத் தெரிகிறதாம். உடலை இளைக்கவைக்கும் ஏதோ ஒரு நிலையத்தில், "உடம்புல நச்சு தேங்கிப்போச்சு, பன்னெண்டு தடவை உருவிவிட்டா கரைஞ்சிடும்" என்றார்களாம்.

நச்சு! உடற்கூறியல் பேராசிரியரின் மகளிடம்!

நான் கத்தவில்லை; என் கோபம் எப்போதும் சில்லிட்டுத்தான் இருக்கும். "உங்க கோபத்துக்குப் பக்கத்துல பாலை வச்சா ரெண்டு நாளைக்குக் கெடாது" என்றாள் மனைவி.

மார்ச் 6
அந்த நிலையத்துக்கே போனேன். தோலில் இப்படிக் குழி விழுவதற்கு செல்லுலைட் என்று பெயர், அது நோயே அல்ல என்றேன். வரவேற்பிலிருந்த பெண் ஒரு துண்டறிக்கையை நீட்டினாள். "நாங்களா சொல்லல சார். பெரிய பேராசிரியரே எழுதியிருக்காரு, பாருங்க."

பார்த்தேன். படம் என்னுடையது, இருபது ஆண்டுகளுக்கு முன் மாணவர் கையேட்டுக்காக வரைந்தது. கீழே என் பெயர், என் வாசகம்: 'ஆண் – இயல்பான தோல். பெண் – குறைபாடுள்ள தோல்.'

நச்சு அவர்களுடைய கற்பனை. குறைபாடு என்னுடையது.

மார்ச் 7
ஏன் அப்படி எழுதினேன்? கூறாய்வு மேசைக்கு முதலில் வந்தது ஆண் உடல். அதையே அளவுகோலாக்கினேன். அடுத்து வந்த பெண் உடல் அதிலிருந்து மாறியிருந்தது – ஆகவே குறை. ஒருவரும் கேட்கவில்லை. நானாவது கேட்டிருக்க வேண்டாமா? சே.

மார்ச் 8
கையேட்டை மகளிடம் கொடுத்தேன்.

"இதை நீங்களாப்பா எழுதுனீங்க?"

"ஆமாம்மா. படம் சரி. எழுத்துதான் தப்பு."

என் சிவப்புப் பேனாவைப் பிடுங்கி அந்தச் சொல்லை அடித்தாள். ஓரத்தில் மதிப்பெண்ணும் போட்டாள்: முப்பத்து நான்கு. "ஒரு மார்க்ல போச்சு. மறுதேர்வு எழுதுங்க."

மார்ச் 9
எழுதினேன். தோலுக்கு அடியிலுள்ள நார்ப்பட்டைகள் அதைக் கீழே இழுத்துப் பிடிக்கின்றன. இடைவெளிகளில் கொழுப்பு மேலே பிதுங்குகிறது. ஆண்களில் அப்பட்டைகள் பெரும்பாலும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். பெண்களில் செங்குத்தாக நிற்கும். அதனால் குழி தெரிகிறது. ஹார்மோன், பரம்பரை, வயது எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. மெலிந்தவர்களுக்கும் வரும். வளர்ந்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு உண்டு.

இதற்குத்தான் குறைபாடு என்று பெயரிட்டிருந்தேன்.

மார்ச் 12
திருத்தம் கல்லூரி அச்சகத்துக்குப் போயிற்று. என் படத்தை நீக்கச் சொல்லி நிலையத்துக்கு வழக்கறிஞர் கடிதமும்.

மார்ச் 19
பால்கனிக் கொடியில் நீச்சலுடை. கீழே காயும் என் சட்டையின்மேல் சொட்டிக்கொண்டிருக்கிறது. நகர்த்தவில்லை.