ஏழாம் எண் சென்சார்

பாலத்தின் அடியில் அதிர்வை அளக்கும் சென்சார் ஒட்ட இன்று காலை பசை டப்பாவைத் திறந்தேன். அந்த நெடி வந்ததுமே நீ வந்துவிட்டாய், உன் பின்னாலேயே கோபமும் வந்தது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

எனக்கு உயரம் ஆகாது. நாம் சேர்ந்து வேலை பார்த்த வருடங்களில் நீ ஏணியில் ஏறி ஒட்டுவாய், நான் கீழே மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன். ஒட்டியதை நீ விரல் முட்டியால் தட்டினால் திரையில் கோடு துள்ளும். "வந்துச்சா?" என்பாய். "ஹவ்!" என்று இந்த ஊர் உருதுவில் கத்தி ஆமாம் சொல்லிவிட்டு, வரைபடத்தில் அந்த எண்ணுக்கு டிக் போடுவேன். ஒருமுறை வீராப்பாக நானே ஏறப் போனபோது தடுத்தாய். "நக்கோடா, வேணாம். நீ விழுந்து வெச்சா உன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது? நான் இருக்கேன்ல."

தார்நாகா பக்கத்துப் பாலத்தில், விரிசல் கண்ட உத்தரத்தின் நடுவில் ஏழாம் எண்ணை ஒட்டினோம். முதல் வாரம் கோடு ஓயாமல் துள்ளியது. பேட்டரி கோளாறு என்று ஏறினாய். தட்டினாய், கேட்டாய், நானும் ஹவ் என்றேன். அதன்பிறகு அது சாதுவாகிவிட்டது. பாலம் திறந்திருக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

உன் பாடைக்குத் தோள் கொடுத்த மூன்றாம் மாதம், பேட்டரி மாற்ற ஏறிய பெண் மேலிருந்து கூப்பிட்டாள். "சார், ஏழு நடுவுல இல்லையே. தூணுக்கு மேல ஒட்டியிருக்கு." எந்த லாரி போனாலும் அசையாத இடம். நடுவில் பிய்த்தெடுத்த பசைத் தடம்தான் இருந்தது, பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். ஒட்டிய தேதியைச் சென்சார் பெட்டியில் எழுதுவாயே, அந்தப் பழக்கம் விடவில்லை உன்னை. பழைய தேதியை அடித்துவிட்டு, பேட்டரி கோளாறு என்று ஏறிய நாளை எழுதியிருந்தாய்.

பாலத்தை மூட விரும்பாதவர்கள் உன்னிடம் பேசியிருப்பார்கள். யார், எதற்கு நீ இணங்கினாய், எதுவும் எனக்குத் தெரியாது. என் மகளின் பள்ளிப் பேருந்து தினமும் அதன்மேல்தான் போனது என்பது மட்டும் தெரியும். உனக்கும் தெரியும். ஜன்னல் வழியாக "சித்தப்பா" என்று உனக்குத்தான் கையாட்டுவாள். அன்றே பாலத்தை மூட வைத்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உன் சட்டையைப் பிடித்துக் கேட்க நீ இல்லை.

இன்றும் அந்தப் பெண்தான் மேலே ஏறினாள். தட்டிவிட்டு, "வந்துச்சா சார்?" என்றாள். கோடு துள்ளியது. அவள் நல்ல பெண். ஆனாலும் என் வாயிலிருந்து ஹவ் வரவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு ஏணியைப் பிடித்தேன். பாதியில் கீழே பார்த்தேன். "நான் இருக்கேன்ல" என்று உன் குரல் கேட்டது.

காதில் விழாதது போல மேலே ஏறினேன்.