மகன் எழுதாத பதில்கள்

செவ்வாய்க்கிழமை

மகனின் போதைச் சிகிச்சைக்கு நான் ஒத்துழைப்பதில்லை என்று மருமகள் சொல்லித் திரிகிறாளாம். தவறு. கொன்வென்ட்டில் தட்டச்சுப் படித்த நான் சிகிச்சை நிலையம் குடும்பத்தாருக்கும் தந்த போன் செயலியை ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். "இன்று தூள் பாவிக்கவில்லை. மகளுக்குக் கதை வாசித்தேன்" என்று மாலைதோறும் அது கேட்கும் கேள்விக்கு அவன் பதில் வரும். "நன்று, மகனே" என்று தவறாமல் எழுதுவேன்.

இன்றும் அதே பதில் வந்தது. அவனோ வாவிப் பக்க விறாந்தையில், என் எதிரே, போதையில் மயங்கிக் கிடந்தான். அவனுடைய போன் மருமகள் கையில் இருந்தது.

"ஒரு மாசமா நான்தான் மாமி எழுதுறன். உண்மையச் சொன்னா அரசாங்க ஆக்கள் வந்து புள்ளைய நம்மட்ட இருந்து எடுத்துருவாங்க எண்டு பயம்."

"அப்ப நான் எழுதினதெல்லாம்?"

"அவர் பாக்கவேயில்ல மாமி."

ஒரு மாதமாக யாரை மெச்சினேன்?

அவன் தலையணைக்கடியில் ஒரு தாள் வைத்திருக்கிறேன்: மகனே, இன்று பாவித்தாயா? செயலியில் வேண்டாம். உன் கையெழுத்தில் பதில் எழுதித் தா.