பூவுக்கு அடியில் தண்ணீர்

கரையில் நின்று எவ்வளவு கத்தினாலும் இனித் திரும்பிப் பார்க்காத என் கேப்டன் அக்காவுக்கு,

நான்தான், உன் வாலு. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. வீட்டில் இப்போது யாரும் என்னைத் திட்டுவதில்லை. அது எவ்வளவு பெரிய கொடுமை தெரியுமா? ஒரு நாள் சீனி டப்பாவில் உப்பைக் கொட்டி வைத்தேன். அப்பா அந்தக் காப்பியை முழுசாகக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அம்மா புதுவயல் மில்லுக்குக் கிளம்புகிற அவசரத்தில் குடிக்கவே இல்லை. கடைசியில் நானே ஒரு வாய் குடித்து, நானே துப்பி, நானே சிரித்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

நீ படகை ஓட்டினாய், நான் உன்னை ஓட்டினேன். உன் கையில் துடுப்பு, என் வாயில் துடுக்கு. இரண்டு பேருக்கும் அதுதானே பொழுது.

கண்மாய் வற்றிக் கிடக்கிற மாதமெல்லாம் படகு வேப்பமரத்தடியில் குப்புறக் கிடக்கும். தண்ணீர் வந்ததும் ஊரே தாமரை மொட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்கும். நீ மட்டும் படகின் அடியைப் பார்ப்பாய். வெயிலில் ஃபைபர் எங்கே கீறியிருக்கிறது என்று நகத்தால் தடவிக் கண்டுபிடித்து, ரெசின் பூசி, இரண்டு நாள் காயவிட்ட பிறகுதான் இறக்கவிடுவாய். தினமும் விடியற்காலை ஒரு சோதனை வேறு. பின்பக்க ஓட்டையில் ரப்பர் தக்கை இறுக்கமாக இருக்கிறதா, தண்ணீர் இறைக்க வெட்டி வைத்த கேன் இருக்கிறதா, கயிறு இருக்கிறதா. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நீ வந்தால் பரங்கிக்காய் நடந்து வருகிற மாதிரி இருக்கும். சொன்னால் துடுப்பால் அடிக்க வருவாய்.

அப்பாவின் ஜாக்கெட் கிழிந்த அன்றைக்கே அவரைக் கரையில் உட்காரவைத்துவிட்டாய். எனக்கு நீச்சல் தெரியுமே என்றார் பாவம். "தாமரைத் தண்டுல கால் மாட்டுச்சுன்னா எந்த நீச்சலும் உதவாதுப்பா. நீங்க பூவைக் கட்டுங்க, நான் பறிச்சுட்டு வாரேன்" என்றாய். அதிலிருந்து நீ பறிப்பதும், அவர் கட்டுவதும், இரண்டு பேரும் பிள்ளையார்பட்டிக் கடைகளுக்குக் கொண்டுபோவதும் வழக்கமாயிற்று. ஒரு பூவுக்குக்கூட நீ படகில் எழுந்து நின்றதில்லை.

தண்ணீரிடம் இத்தனை ஜாக்கிரதையாக இருந்தவளை நாலு நாள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. கொசுவுக்கு எந்த ஜாக்கெட் போடுவது, அக்கா?

உனக்கப்புறம் அப்பா தனியாகவே படகில் போக ஆரம்பித்தார். உன் ஜாக்கெட் ஆணியில் தொங்கியது. அவர் அதை எடுக்கவே இல்லை. நான் இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் "ம்" என்றார். அவர் திரும்பி வருகிற வரைக்கும் எனக்குப் பல் விளக்குவதுகூட அரை வாய்தான். அடுத்து இவரும் போய்விட்டால்? அம்மாவிடம் சொல்லலாம். அவளே பாதி ஆளாகிவிட்டாள்.

அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். கரையில் இழுத்துப் போட்டிருந்த படகின் ரப்பர் தக்கையைக் கழற்றி என் ஜாமெட்ரி பாக்ஸில் ஒளித்துவைத்தேன். தக்கை இல்லையென்றால் படகு இல்லை, படகு இல்லையென்றால் போக முடியாது. பதினொன்றாம் வகுப்பு மூளை அவ்வளவுதான்.

மறுநாள் சங்கடஹர சதுர்த்தி. பூவுக்கு நிறையப் பேர் சொல்லியிருந்தார்கள். நான் உன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, உன்னை மாதிரியே இடுப்பில் கை வைத்து நடந்து கரைக்குப் போனேன். தக்கையைத் தேடிக்கொண்டிருப்பார், உன் குரலில் நாலு திட்டு விட்டுச் சிரிக்கவைக்கலாம் என்று நினைப்பு. கரையில் யாரும் இல்லை. படகு நடுக்கண்மாயில் இருந்தது. பழைய பனியனைக் கிழித்து ஓட்டையில் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார், மிச்சத் துணி கரையில் கிடந்தது.

பூதானே என்று யாரும் பாரத்தை யோசிப்பதில்லை. நீளத் தண்டோடு நனைந்த பூவைப் படகு கொள்ளாமல் குவித்திருந்தார். படகின் பின்பக்கம் இறங்கியிருந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு விரல்கூட இல்லை. பூக்குவியல் மறைத்ததால் உள்ளே ஏறுகிற தண்ணீர் அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வரச் சொல்லிக் கத்தினேன். கையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த பூவுக்குக் கொக்கியை நீட்டினார்.

நிஜத்தைச் சொன்னால்தான் பூவை விலக்கிப் பார்ப்பார். சொன்னால் இந்த வேலையைச் செய்தவன் நான் என்று தெரிந்துவிடும். ஒரு நிமிஷம் வாயைத் திறக்காமல் நின்றேன். இதை உன்னிடம் மறைக்கமாட்டேன், முழுசாக ஒரு நிமிஷம்.

"அப்பா, தக்கை என்கிட்ட இருக்கு. பூவுக்கு அடியில பாருங்க."

குவியலுக்குள் கையை விட்டார். முழங்கை வரைக்கும் நனைந்து வெளியே வந்தது. பதறி எழுந்திருக்கப் போனார்.

"எந்திரிக்காதீக. உக்காந்தே பூவைத் தள்ளுங்க."

குரல் என்னுடையது. வார்த்தை உன்னுடையது. அத்தனை பூவையும் கண்மாயில் தள்ளினார். ஓட்டையைக் குதிகாலால் அழுத்திக்கொண்டு, ஒற்றைத் துடுப்பால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் வந்தார். நான் கரையில் கிடந்த லாரி டியூபில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை வேப்பமரத்தில் சுற்றி, நெஞ்சளவு தண்ணீரில் நின்று வீசினேன். மூன்றாவது தடவை பிடித்துவிட்டார். இழுத்தேன்.

கரையேறியதும் அடி விழும் என்று தயாராக இருந்தேன். அவர் உட்கார்ந்தபடி என்னையே பார்த்தார்.

"ஏண்டா ஒளிச்சுவச்ச?"

"நீங்க ஜாக்கெட் போடாமப் போறீகள்ல, அதான்."

"அதுல அவ வாசம் இருந்துச்சுடா" என்றார்.

என் மேலிருந்து கண்மாய்த் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலரை இழுத்து மோந்து பார்த்தேன். பாசி வாசம்தான். நாலு மாதம் அவர் தொடாமல் பாதுகாத்ததை நாலு நிமிஷத்தில் அலசிவிட்டேன். நான் செய்ததிலேயே மோசமான சேட்டை எது என்று கேட்டால் இனி எதைச் சொல்வது? தக்கையையா, இதையா?

"உங்க அக்கா இருந்தா ரெண்டு பேரையும் வெளுத்திருப்பா" என்றார். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் இரண்டு பேரும் வெயில் ஏறுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

இப்போது வீட்டில் இரண்டு ஜாக்கெட். காரைக்குடியில் அலைந்தும் கிடைக்காமல் அப்பா தொண்டிக்குப் பஸ் ஏறிப் போய் ஒன்று வாங்கிவந்தார். உன்னுடையது எனக்கு. பரங்கிக்காய்ப் பட்டமும் சேர்ந்து வந்துவிட்டது, அப்படிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. விடியற்காலையில் அவர் பின்னால், நான் முன்னால். பாதிப் படகு நிறைந்ததும் திரும்பிவிடுகிறோம். நடுநடுவே பூவுக்கு அடியில் கையை விட்டுத் தரையைத் தடவிப் பார்க்கிறேன்.

"தண்ணி ஏறலப்பா."

"ம்."

ஒரு நாளைக்கு எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. அதற்காகவே அடிக்கடி கையை விடுகிறேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா. அப்பாவைத் தனியாகப் படகு ஏறவிட மாட்டேன். பரீட்சை நாளானாலும் சரி. என் சேட்டையெல்லாம் கரையோடு. தண்ணீர் ஏறினால், அது என் தப்பால் ஏறியிருந்தாலும், ஒரு நிமிஷம்கூட நிற்காமல் சொல்லிவிடுவேன்.

உன்னிடம் இன்னும் நிறையத் திட்டு பாக்கியுள்ள தம்பி,
ஜெரோம்