கத்தாத ஆள்

18.8.91, ஞாயிறு

இன்று சர்ச்சுக்குப் பூசைக்குப் போகாமல் அவரோடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனேன். மூடிக் கிடக்கும் கம்பெனி ஒன்றில் படம் எடுக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து மில்லில் தொழிலாளிகள் பட்ட பாடுதான் கதை. மெஷினில் கை சிக்கும் தொழிலாளியாக நடிக்க என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். ரப்பர் கம்பெனி ரோலரில் அவருக்கு நான்கு விரல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தயங்கியவரை நான்தான் கிளப்பிவிட்டேன்.

தலைப்பாகை கட்டி மெஷின் முன்னால் நிறுத்தினார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சத்தமே இல்லை. மூன்று தரம் எடுத்தும் அப்படியேதான்.

"கை மாட்னா யாராவது இப்படி நிப்பாங்களா? கத்துங்க!" என்றார் டைரக்டர்.

"அன்னிக்கு நான் கத்தல சார். இப்டித்தான் நின்னுகினு இருந்தேன்."

"ஜனங்க நம்ப மாட்டாங்கய்யா."

வேறொருவரை நிறுத்தினார்கள். அவர் கையில் சிவப்புச் சாயத்தோடு அலறினார். எல்லோரும் கைதட்டினார்கள். இவரும் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"மேரி, அன்னிக்கு கத்தியிருந்தா பக்கத்து மெஷின் மணி ஓடியாந்து நிறுத்தியிருப்பான் இல்ல? ரெண்டு விரலாச்சும் மிஞ்சியிருக்கும்."

"அதெல்லாம் இல்லீங்க. யாரு வந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

விரல் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மணி என்னிடம் அழுதான். "ஒரு கொரல் குடுத்திருந்தா நிறுத்தியிருப்பேன்கா" என்றான். அதை அவரிடம் நான் சொன்னதில்லை. இந்த நோட்டில் எழுதுவதும் இன்றுதான்.