பரண் காலியான காரணம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், சௌக்கியம் என்றால் அப்பாவுக்கு அதே முழங்கால் வலி, அத்தைக்கு அதே தும்மல், உன் தம்பிக்கு அதே சோம்பல், புதிதாக ஒன்றும் சேரவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பொடிசும் நன்றாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் இதற்குள் போன் வந்திருக்கும். இதையும் போனிலேயே சொல்லலாம், ஆனால் போனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய், இந்தப் பக்கம் உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துவார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போன வாரம் நீ சொன்னதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லாதே என்று நீ சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் இந்த வீட்டில் எது தங்கியிருக்கிறது. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை, உனக்கும் ஆசை, ஆனால் பொடிசு ஏழாம் மாதத்திலேயே பிறந்ததற்கு டாக்டர்களுக்கே காரணம் தெரியாதபோது மறுபடியும் அப்படி ஆகாது என்று எதை வைத்து நம்புவது என்று கேட்டாய். உன் டாக்டர் சொன்னதையும் சொன்னாய். மற்றவர்களைவிட உனக்கு அப்படி ஆகிற வாய்ப்பு அதிகம்தான், ஆனாலும் உன்னைப் போன்றவர்களில் நிறையப் பேர் அடுத்ததை மாதம் நிறைந்தே பெறுகிறார்கள், ஆரம்பத்திலிருந்தே அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், உறுதி மட்டும் தர முடியாது. நான் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

பதிலைச் சொல்வதற்கு முன்னால் வீட்டு விநோதங்களைச் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று வருடத்தில் இங்கே ஒவ்வொருவருக்கும் ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொடிசு பிறந்த செய்தி வந்த அதே மாதம் உன் அத்தை ஆள் வைத்துப் பரணைக் காலி செய்தார். பெட்டிகள், போர்வைகள், றெக்கை உடைந்த மின்விசிறி எல்லாம் அன்றிலிருந்து ஹாலில்தான் குடியிருந்தன, சமையலறைக்குப் போக நாங்கள் பக்கவாட்டில்தான் நடந்தோம். ஏன் என்று கேட்டால் பரணில் பல்லி என்றார். முன்னால் போகிற பஸ்ஸைத் துரத்திக்கொண்டு கார் ஓட்டுகிற உன் அப்பாவை இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் முந்திப் போகிறார்கள், போகிற போக்கில் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார்கள். கேட்டால் பெட்ரோல் மிச்சம். உன் தம்பி யாருக்குப் போன் செய்தாலும் எடுத்த எடுப்பில் “ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்றுதான் ஆரம்பிக்கிறான், அதைக் கேட்டதும் ஒவ்வொரு தடவையும் நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிடுகிறேன். கேட்டால் சும்மா பழக்கம். நானும் விட்டுவிட்டேன், ஆபீசிலும் கேள்வி கேட்டு வீட்டிலும் கேள்வி கேட்க யாருக்குத் தெம்பு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது நீ சொன்ன விஷயத்தைச் சொன்னேன். அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். பொடிசு வயிற்றில் இருக்கும்போது நீ இங்கே வந்திருந்தாய் அல்லவா, அப்போது ஒரு நாள் குளிர்கிறது என்று சொல்லி உன்னை ஸ்டூலில் ஏறிப் பரணில் இருந்து போர்வையை இழுக்கச் சொன்னாராம். “எட்டி இழுத்தா பாரு, அதுலதான் எல்லாம் ஆச்சு, நாந்தான்” என்றார். அப்பா உடனே, “அக்கா நீ சும்மா இரு, அது நான்” என்றார். விமான நிலையத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு வேகத்தடையில் பிரேக் போடாமல் ஏற்றி இறக்கினாராம், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு அய்யோ அப்பா என்றாயாம். அந்த அய்யோ அப்பா இன்னும் காதில் இருக்கிறதாம். உன் தம்பி வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோலக் கையைத் தூக்கினான். அச்சகத்தில் அவனை வேலையை விட்டு நிறுத்தியதை அவன் உனக்குப் போனில் சொல்லி, நீ அழுது, அதற்கு மறுநாள் பொடிசு பிறந்துவிட்டதாம். அதற்குப் பிறகு சண்டை. “வேகத்தடையில ஏறி இறங்குறவங்களுக்கெல்லாம் அன்னைக்கே பிரசவமா ஆகுது?” என்று அத்தை கேட்க, “அப்ப போர்வை எடுக்கிறவங்களுக்கெல்லாம் ஆகுதா?” என்று அப்பா கேட்க, இரண்டு பேரும் சொல்வது ஒரே நியாயம் என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் பார்சல் ஆபீசில் புகார் மேசையில் உட்கார்ந்து பாதி ஆயுள் போய்விட்டது. கண்ணாடி உடைந்து வந்தால் கட்டியவர் மூட்டை தூக்கியவரைச் சொல்வார், அவர் டிரைவரைச் சொல்வார், டிரைவர் ரோட்டைச் சொல்வார், என்னால்தான் உடைந்தது என்று சொன்ன ஒரு ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. இங்கே என்னடாவென்றால் ஒரு பழிக்கு மூன்று பேர் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மூன்று பேரும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். எனக்கும் ஏதாவது இருக்குமா என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை, கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அப்புறம் பாத்திரம் கழுவும்போது தனியாக அழுதேன், அதையும் மறைப்பானேன்.

பொடிசு பிறந்த பிறகு நான் அங்கே வந்து சேர்ந்தபோது அது கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தது, உன் டாக்டர் வராந்தாவில் நின்று காரணம் தெரியவில்லை என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது, என் மேசைக்கு முன்னால் நின்று அப்படிச் சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை சண்டைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது, ரத்தம், கிருமி, நஞ்சுக்கொடி என்று எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தவர் அதைச் சொன்னார், அப்படியானால் அது யார்மேலும் தப்பில்லை என்று சொன்ன மாதிரிதானே. ஆனாலும் என் தைரியத்துக்காக நம் தெரு லேடி டாக்டரிடம் போய் மூன்று பேர் கதையையும் சொன்னேன். “கல்லு மண்ணு சுமக்கிறவங்களுக்கும் மாசம் நிறைஞ்சு பொறக்குது, அசையாமப் படுத்திருந்தவங்களுக்கும் முன்னாடியே பொறக்குது, போர்வையை விடுங்கம்மா” என்றார். அதை வந்து சொன்னேன். மற்ற இரண்டு பேர்மேல் தப்பில்லை என்று ஒவ்வொருவரும் உடனே ஒத்துக்கொண்டார்கள், தன்னுடையதில் மட்டும் எல்லோருக்கும் சந்தேகம் பாக்கி இருக்கிறது.

மறுபடியும் அப்படி ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பொடிசு ஒன்றே போதும் என்று நீங்கள் முடிவு செய்தால் இங்கே யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. வேண்டும் என்று முடிவு செய்தால் சொல், போன தடவை மாதிரி எல்லாம் ஆன பிறகு ஓடி வராமல் முன்னாலேயே லீவு போட்டுவிட்டு வந்து உன் வீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். அப்பா ஓட்டுகிற வேகத்துக்கு நான் முந்தின நாளே விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். எதுவானாலும் அந்த முடிவைப் பயத்தில் எடு, ஆசையில் எடு, யோசித்து எடு, தண்டனை மாதிரி மட்டும் எடுக்காதே. ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு வீடியோவில் பொடிசு ஓடிவரும்போது உன் வாசல் நடையைப் பார்த்தேன். உன் சைக்கிள் எப்போதும் நிற்கிற இடத்தில் செருப்பு அலமாரி இருந்தது. கேட்டதற்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன், இடம் இல்லை என்றாய். அத்தையும் பல்லி என்றுதான் சொன்னார். மழையானாலும் பஸ் ஏறாதவள் நீ, பொடிசு வயிற்றில் இருந்தபோதும் ஐந்தாம் மாதம் வரைக்கும் சைக்கிளில்தான் வேலைக்குப் போனாய், உன் டாக்டரும் போகலாம் என்றுதான் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக, நாந்தான் என்கிற உன் வழக்கை நீ யாரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை மேசையில் உனக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்போம், அத்தையே உன்னைத் தோற்கடித்திருப்பார்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி அண்டாமல் நிறைவாக இருங்கள், நான்காவதாக யாராவது வந்தாலும் வராவிட்டாலும் அந்த நிறைவு குறைய வேண்டாம். பொடிசுக்கு என் முத்தங்கள், கன்னத்தில் சதை போட்டிருக்கிறது, கண் பட்டுவிடும். நேற்று அத்தை ஆள் வைத்துப் போர்வைகளையும் மற்ற சாமான்களையும் மறுபடியும் பரணில் ஏற்றினார், இப்போது ஹாலில் நேராக நடக்கிறோம். கடைசியாக ஒன்று, மறக்காதே. கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பது நன்றாக இருக்காதுதான். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய்ச் சைக்கிளைக் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா