ஜன்னலைத் திறந்து எடுத்த ஒரு நிமிடம்

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நீ நலமாக இருப்பதை உன் சேனலைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன். நலம் விசாரிக்கும் வேலை எனக்கு மிச்சம். இங்கே உன் அண்ணிக்கு முழங்கால் வலி பழையபடிதான். மாடிப்படி ஏறும்போது என்னைத் திட்டுகிறாள், சமதரையில் பரவாயில்லை. அலுவலகத்தில் புதுக் கேமரா வாங்கியிருக்கிறார்கள், எடை பாதிதான். எட்டு வருடம் உன் பின்னால் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் என் தோள் ஒரு பக்கம் சரிந்தே நின்றுவிட்டது. அதற்குப் புதுக் கேமரா இருப்பதே தெரியவில்லை.

போனில் பேசியிருப்பேன். பதினொரு முறை கூப்பிட்டேன். கடைசியில் எடுத்த பெண், நீ கூட்டத்தில் இருப்பதாகவும் விஷயத்தை இரண்டு வரியில் அனுப்பும்படியும் சொன்னாள். இது இரண்டு வரியில் அடங்காது. அதனால்தான் காகிதமும் பேனாவும்.

சலவை அக்காவை உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க மாட்டேன். தினமும் எட்டு மணிச் செய்திக்கு முன் உன் நிகழ்ச்சி விளம்பரத்தில் அவர் முகம்தானே வருகிறது. நீ மைக்கை அவர் கையில் கொடுக்கிறாய், அவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், பிறகு உன் பெயர் பெரிய எழுத்தில் வருகிறது.

முதல் தடவை அதைப் பார்த்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உன் அண்ணிதான் முதலில் சொன்னாள், அந்தம்மா முகத்தைக் காட்டமாட்டோம் என்று சொன்னீர்களே என்று. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்தப் பேட்டி எப்படிக் கிடைத்தது என்பது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பிரசவமான ஒரு பெண், ஆஸ்பத்திரியில் தனக்கு விரித்த படுக்கை விரிப்பில் வேறு யாருடைய ரத்தக் கறையோ இருந்தது என்று நம் அலுவலகத்துக்கு போன் செய்தாள். நாம் மூன்று நாள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து படம் எடுத்தோம். விரிப்புகளைத் துவைக்காமலே இஸ்திரி போட்டு மடித்து அனுப்புகிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. உள்ளே வேலை செய்கிறவர் ஒருவர் பேசினால்தான் செய்தி நிற்கும். பேருந்து நிறுத்தத்தில் அந்த அக்காவைப் பிடித்தோம். இரண்டு தடவை உன்னிடம் முடியாது என்றார். மூன்றாம் தடவை நான் வாய் திறந்தேன்.

"கேமரா பிடிக்கிறவன் நான் சொல்றேன்க்கா. உங்க முகம் வெளியே போகாது."

உன் பேச்சுக்கு மசியாதவர் என் பேச்சை நம்பினார். அவர் வீட்டில் ஜன்னலைச் சாத்தி, சுவரில் விழுந்த நிழலை மட்டும் எடுத்தேன். எல்லாம் முடிந்த பிறகு, நாளைக்கு வழக்கு என்று வந்தால் பேசியது யார் என்று வக்கீல் கேட்பார், ஒரே ஒரு நிமிடம் முகத்தோடு எடுத்துப் பூட்டி வைத்துவிடுவோம் என்று நீ சொன்னாய். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஜன்னலைத் திறந்தோம்.

செய்தி வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அலறிப் புடைத்துக்கொண்டு புது இயந்திரம் வாங்கினார்கள். பேசியது யார் என்று அப்போது அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா அங்கேயே வேலை செய்தார், அவர் மகள் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பில் சேர்ந்து இறுதியாண்டு வரை வந்துவிட்டாள். உன் விளம்பரம் வந்த மறுநாள் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரே அழுக்கு விரிப்புகளை அடுக்கி வைத்துவிட்டு டிவிக்காரர்களைக் கூப்பிட்டு நாடகம் போட்டார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை மகள் தேர்வு எழுதக் கூடாதாம். அம்மா குற்றவாளி என்று முடிவானால் அவள் பெயரையே எடுத்துவிடுவார்களாம். நாலு வருடப் படிப்பு.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். அங்கே போய் உனக்காக வாதாடினேன், அதையும் கேட்டுக்கொள். பெரிய சேனல், அங்கே விளம்பரம் தயாரிப்பது வேறு ஆட்கள், பழைய கோப்பில் எது கிடைத்ததோ அதைப் போட்டிருப்பார்கள், என் தங்கச்சிக்குத் தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள் என்றேன். அக்கா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மகள்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

போன வியாழக்கிழமை நம் செய்தி ஆசிரியர் எல்லோரையும் கூட்ட அறையில் உட்காரவைத்தார். நம்மிடம் வேலை கற்ற பெண் இன்று நாடு முழுக்க வகுப்பு எடுக்கிறாள், பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று உன் வகுப்பைத் திரையில் போட்டார். உள்ளூர் செய்தியாளர் தன்னை எப்படி ஓர் அடையாளமாக்கிக்கொள்வது என்று ஒன்றரை மணி நேரம்.

நன்றாகப் பேசுகிறாய். பெருமையாகத்தான் இருந்தது, முதல் பாதி வரை. புள்ளிவிவரத்தில் தொடங்காதே, ஒரு மனிதரில் தொடங்கு என்றாய். சரி. வேறு யாரும் செய்யாத ஒன்றை உன் முத்திரையாக வைத்துக்கொள் என்றாய். அதுவும் சரி. உன் முத்திரை மைக்கை எளிய மனிதர் கையில் கொடுப்பது, அதிகாரத்தை அவர்களிடம் ஒப்படைக்கும் அடையாளம் அது என்று சொன்னபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேர்ந்த முதல் மாதம் உனக்குக் கை வெடவெடவென்று நடுங்கியது. படத்தில் மைக் ஆடுகிறது, அவர்கள் கையிலேயே கொடுத்துத் தொலை என்று சொன்னவன் நான். போகட்டும், கதை சொல்லத்தானே வகுப்பு.

பிறகு திரையில் அக்காவின் நிழலைக் காட்டினாய். பக்கத்திலேயே முகத்தையும் காட்டினாய். அப்போது நீ சொன்னதை நான் இரண்டாம் தடவை ஓடவிட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

"நிழலை யாரும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க. முகம்தான் நிக்கும். ஒளிபரப்புல காட்ட முடியாத உங்க பெஸ்ட் ஷாட்டை அழிச்சுடாதீங்க. அது உங்க சொத்து. ஒரு நாள் உதவும்."

பையன்கள் எல்லோரும் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். தெரியாமல் நடந்த தவறு என்று நான் உனக்காகப் பூசி மெழுகியதெல்லாம் வீண். உனக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. நீ என்னை ஏமாற்றிவிட்டாய், தங்கச்சி. அக்காவை ஏமாற்ற என் வாயையே பயன்படுத்திக்கொண்டாய்.

நீ இங்கிருந்து கிளம்பிய வாரம் நம் வேலையெல்லாம் நினைவுக்கு வேண்டும் என்று கேட்டாய். நானும் அசடு மாதிரி சந்தோஷப்பட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். உன் அண்ணி அதற்கு ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தாள். அதற்குள்தான் அந்த ஒரு நிமிடமும் வந்திருக்கிறது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இது வெறும் புலம்பலாகிவிடும். மூன்று மாதத்திலேயே வக்கீல் சொல்லிவிட்டார், வழக்கு வராது, முகம் இருப்பதை அழித்துவிடுங்கள் என்று. நான் அழிக்கவில்லை. அன்று ஜன்னலைத் திறந்தபோது அவர் கன்னத்தில் விழுந்த வெளிச்சம் மாதிரி ஒன்றை என் வேலைக்காலத்தில் வேறெங்கும் எடுத்ததில்லை. அழிக்க மனசு வரவில்லை. அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன். அக்காவின் பயம் எனக்கு நல்ல படமாகத் தெரிந்திருக்கிறது. உன்னைத் திட்ட உட்கார்ந்தால் இது வந்து குறுக்கே நிற்கிறது. அதற்காகத் திட்டாமல் விடப்போவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி நிர்வாகக் கட்டடத்தில் விசாரணை. நாம் அக்காவைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று நாள் படம் எடுத்தோம், முதலில் புகார் சொன்னது வேறொரு பெண் என்று காட்டினால் அவர்கள் கட்டிய கதை நிற்காது. வண்டியிலிருந்து எடுத்த படங்களை நம் அலுவலகத்தில் எப்போதோ அழித்துவிட்டார்கள். உன் டிஸ்கில் இருக்கும். அந்தப் பெண்ணின் பெயர், எண், நாம் போன தேதிகள் எல்லாம் உன் குறிப்பேட்டில் இருக்கின்றன. நான் சொன்னால், இவன் கேமராக்காரன், சொன்னதைப் படம் பிடித்தவன் என்று ஒதுக்கிவிடுவார்கள். நீ வந்து சொன்னால் கேட்பார்கள். உன் முகம் அவர்களுக்கும் தெரியும்.

நான் எப்படியும் போகிறேன். பதிவை வெளியே கொடுத்தது நான்தான் என்றும் சொல்லப்போகிறேன். அலுவலகப் பதிவுகளை வெளியே கொடுத்தால் வேலை போகும் என்பது உனக்குத் தெரியும். உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். வாடகை குறைந்த வீட்டுக்குத்தானே மாறப்போகிறோம், படிக்கட்டு இல்லாத வீடாகப் பார்க்கலாம் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், பிறகு அடுக்களைக்குள் போய் வெகு நேரம் வெளியே வரவில்லை.

அந்த விளம்பரத்தை இன்றே நிறுத்தச் சொல். அதற்கு நீ எங்கேயும் பயணம் செய்ய வேண்டியதில்லை, ஒரு வார்த்தை போதும்.

நேற்று அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். உன்மேல் அவருக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. "அந்தப் பொண்ணை நான் நம்பலையே தம்பி, உங்களைத்தானே நம்புனேன்" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்த பிறகுதான் அது முழுசாக உறைத்தது.

கிளம்பும்போது மகள் கேட்டாள், அவங்க வருவாங்களா என்று. எட்டு வருடம் உனக்காக எத்தனையோ பேரிடம் வருவாள், செய்வாள், சொன்னால் சொன்னதுதான் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று எனக்கு வாய் வரவில்லை. தெரியாதும்மா என்றேன். உன் சார்பில் இனி யாருக்கும் வாக்குக் கொடுப்பதாக இல்லை. நீயாக வந்தால்தான் உண்டு.

நல்லா இரு.

அண்ணன்