சாவியைச் சுற்றிய செம்புத் தகடு

அக்கா,

இன்று காலை, உங்கள் வேனில் வேலைக்குப் போய்வந்த செல்வியின் அம்மா தெல்தோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நேரே எங்கள் கராஜுக்குள் நுழைந்தார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, உங்கள் வேன் சாவியை என் மேசையில் வைத்தார். "இனிமே ஓடுமான்னு பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்றார். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. சாவியின் கறுப்புத் தலையில் செம்பு உரசிய பச்சைக் கறை அப்படியே இருக்கிறது.

நீங்கள் முதன்முதலாக வந்த நாள் ஞாபகம் வந்தது. எங்கள் கராஜ் வாசல் மோசமான சரிவு. ஆண்களே முன்னும் பின்னும் இழுத்துத்தான் வண்டியை உள்ளே எடுப்பார்கள். நீங்கள் ரிவர்ஸில் ஒரே எடுப்பில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். எதிரே ஓட்டோக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "பாஸ் இல்லையா?" என்று கேட்டீர்கள். நான்தான் என்றேன்.

"ஸ்கூல் விட்டு வந்த புள்ள மாதிரி இருக்கீங்க."

"நீங்க மட்டும் டிரைவர் மாதிரியா இருக்கீங்க?"

எனக்கு அப்படித்தான் பேச வரும். நீங்கள் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே பொனட்டைத் திறந்துவிட்டீர்கள். அன்றைய பிழை சின்னது. பட்டரி முனை தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டேன். ஆனால் அதற்குள் முதல் நாள் மாலை வேன் வழியில் நின்று, துணிக்கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

கண்டித் துணிக்கடைகளுக்குத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் என்றால் பிடிக்கும். நாள் முழுக்க நிற்பார்கள், உட்கார ஒரு கதிரை கேட்க மாட்டார்கள். கடை பூட்டும் நேரத்துக்கு அவர்களுடைய கடைசி பஸ் போயிருக்கும். எப்படி வீட்டுக்குப் போகிறீர்கள் என்று எந்த முதலாளியும் அவர்களைக் கேட்டதில்லை. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிக்கு ரோடு போட்டவர்களுக்கும் அது ஒரு கேள்வியாகப் படவில்லை. உங்கள் பழைய வேன்தான் அந்தக் கேள்விக்குப் பதிலாக ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால் பிள்ளைகளின் வேலையும் நிற்கும்.

இரண்டாவது முறை வந்தபோது பிழை வேறு மாதிரி. சில வேளை எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. முன்னால் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. திருடர்களுக்காக வைத்த பாதுகாப்பு அது. சாவித் தலைக்குள் அரிசி மணி அளவில் ஒரு சிப் உண்டு. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் வளையம் அதனிடம் நீ யார் என்று கேட்கும். சரியான பதில் வந்தால்தான் பாதுகாப்புப் பெட்டி எஞ்சினுக்கு அனுமதி கொடுக்கும். இதை விளக்கியபோது நீங்கள் சொன்னீர்கள்: "செக்பொயிண்ட் மாதிரிங்க. ஐடி காட்டினாலும் நம்ப மாட்டேங்குது."

பகலில் வேனை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போவீர்கள். நான் பார்ப்பதற்கென்று உதிரிச் சாவி ஒன்றைக் கொடுத்திருந்தீர்கள். நான் தேடாத இடமில்லை. பாதுகாப்புப் பெட்டிக்கும் எஞ்சின் கணினிக்கும் இடையில் முறுக்கி ஓடும் இரண்டு வயர்களை அளந்தேன். சரி. வயர் இணைப்புப் பிளக்குகளைக் கழற்றி ஈரம் பார்த்தேன். இல்லை. சாவியிடமிருந்து பதில் வரவில்லை என்று ஸ்கேனர் பழைய பதிவைக் காட்டியது. ஆனால் நான் திருப்பும்போதெல்லாம் வேன் சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது.

பெரிய கராஜ் ஒன்றிலும் காட்டினீர்கள். பாதுகாப்புப் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அங்கிருந்த ஒருவன், பெண்கள் சாவியை ஒழுங்காகத் திருப்ப மாட்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னானாம். மாலையில் பஸ் நிலையத்தின் பக்கம் நீங்கள் திருப்பித் திருப்பிப் பார்க்க, ஓட்டோக்காரர்கள் வேனுக்குத் தாலாட்டுப் பாடினார்களாம். அதற்குள் ஒரு பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இன்னொரு முறை வேன் நின்றால் செல்வியைக் கொழுந்து எடுக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அவள் அம்மாவும் சொல்லிவிட்டார்.

அன்றும் வேனில் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னபோது, நீங்கள் என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டீர்கள்:

"வேன்ல பிழை இல்லன்னா, அப்ப என்கிட்டயா?"

 கையைத் துடைத்துக்கொண்டு உங்கள் வேனில் ஏறினேன். பிழை எங்கள் வாசலில் வராவிட்டால் அது வரும் இடத்துக்கு நான் போக வேண்டும்.

கடைகள் பூட்டி, பிள்ளைகள் ஏறினார்கள். நீங்கள் பையிலிருந்து உங்கள் சாவியை எடுத்துத் திருப்பினீர்கள். விளக்கு சிமிட்டியது. அப்போதுதான் அந்தச் சாவியைப் பார்த்தேன். தலை முழுக்கச் சிவப்பு நூல். நூலுக்கு அடியில் இறுக்கிச் சுற்றிய செம்புத் தகடு. முதல் முறை வேன் நின்றதும் பயந்துபோய், செல்வியின் அம்மா கோயிலில் மந்திரித்து வாங்கிக் கட்டிவிட்டிருக்கிறார். அதைச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவேயில்லை. என்னிடம் இருந்ததோ வெறும் சாவி. செம்புக்குள் இருந்த சிப்புக்கு வளையம் கேட்டது சரியாக எட்டவில்லை, அவ்வளவுதான். நூலை அறுத்துத் தகட்டை உருவினேன். ஒரே திருப்பில் பிடித்தது.

நானாக இருந்தால் தகட்டை ஜன்னலால் எறிந்துவிட்டு, கட்டியவரையும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். நீங்கள் அதைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டீர்கள். தோட்டத்துக்குப் போனதும் செல்வியின் அம்மாவைக் கூப்பிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னீர்கள். அவர் வாழ்நாளில் ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை. தகட்டைச் சாவியில் மறுபடி சுற்றிக் கொடுத்தீர்கள். திருப்பினார், பிடிக்கவில்லை. கழற்றிக் கொடுத்தீர்கள். திருப்பினார். எஞ்சின் உறுமியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, தகட்டை வாங்கி உங்கள் மணிக்கட்டில் தன் கையாலேயே கட்டிவிட்டார்.

"ஒங்க பயத்துக்கு என் கை இருக்குக்கா. வேன் பாவம், அத விட்டுருங்க" என்றீர்கள் நீங்கள்.

அந்தக் கையோடுதான் போனீர்கள். வயிற்று வலி என்று எத்தனை முறை தோட்டத்து மருந்துக் கொட்டிலுக்குப் போனீர்கள். ஒவ்வொரு முறையும் அதே வெள்ளை மாத்திரை. வாயு என்றார்கள். சிவப்பு விளக்கு சிமிட்டினால் நாங்கள் பல்பைக் கழற்றுவதில்லை அக்கா. அங்கே அதைத்தான் செய்தார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் ஒருவர் முறையாகத் தேடிப் பார்த்தபோது காலம் கடந்திருந்தது. உங்களுக்கும் அந்தக் கேள்வி மிச்சமிருந்திருக்கும்: பிழை என்னிடமா? இல்லை அக்கா. நீங்கள் இப்போது வந்து எங்கள் வாசல் கட்டைச் சுவரில் உட்கார்ந்து கேட்டாலும் இதையே சொல்வேன்.

நீங்கள் இல்லாமல் வேன் நின்றதும், பிள்ளைகளில் சிலர் டவுனில் ஒரே அறையில் நெருக்கியடித்துத் தங்குகிறார்கள். மற்றவர்கள் மலைக்குத் திரும்பிவிட்டார்கள். செல்வியும் கொழுந்துக்கூடை தூக்கினாள். தூக்கிக்கொண்டே ஓட்டப் பழகியிருக்கிறாள். போன வாரம் லைசன்ஸ் கிடைத்துவிட்டது என்று அவள் அம்மா இன்று சொன்னபோது, கண்பட்டுவிடுமோ என்று குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். உங்கள் வீட்டில் கேட்டுச் சாவியை வாங்கி வந்திருக்கிறார்.

"செல்விக்குத் தகடு கட்டலையா?" என்று சீண்டினேன்.

"கட்டாம? கையிலதான். சாவியில கட்ட எனக்கென்ன பைத்தியமா" என்றார், ஏதோ நான்தான் அப்படிக் கட்டச் சொன்னதுபோல.

நாளைக்கு மலைக்குப் போகிறேன். இத்தனை மாதம் நின்ற பட்டரி செத்திருக்கும், வேறொன்று கொண்டுபோகிறேன். எலி வயரைக் கடித்திருக்கலாம். எதையும் இங்கிருந்தே சொல்லிவிட மாட்டேன். பிழை இருக்கும் இடத்துக்குப் போய், அதோடு வாழ்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்று ஒரு பழக்கம் உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. முதலில் செல்விதான் திருப்புவாள்.

இரண்டு சாவிகளையும் எடுத்து வைத்துவிட்டேன். ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் ஒன்றின் பதிலை மற்றது குழப்பும் என்பதால் எப்போதும் பிரித்தே வைப்பேன். பைக்குள் இருக்கும்போது அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். இருந்தாலும் உதிரிச் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். உங்களுடையது சட்டைப் பையில் இருக்கிறது.